இந்திய விமானப் படையைத் தனிப் படையாக நிலைநிறுத்திய பிரிட்டிஷ் தளபதி: தாமஸ் எல்ம்ஹர்ஸ்ட் ஆற்றிய பணி என்ன?

சுதந்திர இந்தியாவின் விமானப் படைக்கு முதலில் தலைமை வகித்தவர் இந்தியர் அல்லர். பிரிட்டனைச் சேர்ந்த ஏர் மார்ஷல் சர் தாமஸ் எல்ம்ஹர்ஸ்ட். 1947 ஆகஸ்ட் 15 முதல் 1950 பிப்ரவரி வரை அவர் அப்பொறுப்பில் இருந்தார். ராணுவம், கடற்படை ஆகியவற்றுக்கு இணையான தனிப் படையாக விமானப் படை விளங்குவதற்கு, பதவியை ஏற்கும் முன் அவர் விதித்த நிபந்தனையும் ஒரு காரணமாகும்.

கடலிலிருந்து வானுக்கு...

1895-ஆம் ஆண்டு பிறந்த எல்ம்ஹர்ஸ்ட், சிறு வயதிலேயே பிரிட்டிஷ் கடற்படையில் சேர்ந்தார். முதல் உலகப் போரில் கடற்படையின் வான்கப்பல்களைச் செலுத்திய அவர், பின்னர் 1918-இல் உருவாக்கப்பட்ட பிரிட்டன் விமானப் படையின் அதிகாரியானார். இரண்டாம் உலகப் போரின்போது வட ஆப்பிரிக்கப் பாலைவனத்தில், இடம்பெயர்ந்துகொண்டே இருந்த விமானப் படைப் பிரிவுகளின் நிர்வாகத்தைக் கவனித்தார்.

அவரது குடும்பத்துக்கு இந்தியா புதிதல்ல. அவருடைய அண்ணன் லியோனார்ட் எல்ம்ஹர்ஸ்ட், ரவீந்திரநாத் தாகூரின் அழைப்பை ஏற்று 1922-இல் ஸ்ரீநிகேதனில் கிராம மறுசீரமைப்புப் பணியைத் தொடங்கியவர்.

நிபந்தனை என்ன?

ஆங்கிலேயர் ஆட்சியில் 'இந்தியத் தலைமைத் தளபதி' என்ற பதவியை வகித்த ராணுவ ஜெனரலே முப்படைகளுக்கும் மேலானவராக இருந்தார். சுதந்திரத்தின்போது விமானப் படைக்குத் தலைமையேற்க எல்ம்ஹர்ஸ்ட் அழைக்கப்பட்டார். அப்போது, விமானப் படை ராணுவத்தின் கீழ் இயங்கக் கூடாது என்றும், அதன் தளபதி அரசுக்கு நேரடியாகப் பதிலளிப்பவராக இருக்க வேண்டும் என்றும் அவர் வலியுறுத்தினார். அரசு அதை ஏற்றுக்கொண்டது.

பிரிவினையும் போரும்

பிரிவினையால் விமானங்களும் தளவாடங்களும் பாகிஸ்தானுடன் பங்கிடப்பட்டிருந்த நிலையில், 1947 அக்டோபரில் காஷ்மீரில் போர் மூண்டது. அக்டோபர் 27-ஆம் தேதி தில்லியிலிருந்து டகோட்டா விமானங்கள் ராணுவ வீரர்களை ஸ்ரீநகருக்கு ஏற்றிச் சென்றன. அப்போது பாகிஸ்தான் விமானப் படைக்கும் தலைமை வகித்தவர் ஒரு பிரிட்டிஷ் அதிகாரியே. இரு நாடுகளுக்கு இடையிலான சண்டையில் பிரிட்டிஷ் அதிகாரிகள் நேரடியாகப் பங்கேற்கக் கூடாது என்ற கட்டுப்பாடு இருந்ததால், களத்தில் விமானப் படையை வழிநடத்தும் பொறுப்பு இந்தியர்களிடம் வந்தது. 1948 மே மாதம் ஏர் கமோடர் மெஹர் சிங், முதன்முறையாக லே பகுதியில் டகோட்டா விமானத்தைத் தரையிறக்கினார்.

எல்ம்ஹர்ஸ்டின் பதவிக் காலத்திலேயே, போருக்குப் பின் கான்பூரில் கைவிடப்பட்ட லிபரேட்டர் குண்டுவீச்சு விமானங்களை பெங்களூரு ஹிந்துஸ்தான் விமானத் தொழிற்சாலை சீரமைத்து வழங்கியது. 'வாம்பயர்' ஜெட் போர் விமானங்களும் 1948-இல் படையில் சேர்ந்தன.

இந்தியர் தலைமை எப்போது?

1949 ஜனவரியிலேயே கே.எம். கரியப்பா ராணுவத்தின் முதல் இந்தியத் தலைமைத் தளபதியானார். ஆனால், விமானப் படையில் எல்ம்ஹர்ஸ்டுக்குப் பிறகும் இரு பிரிட்டிஷ் அதிகாரிகள் அடுத்தடுத்துத் தலைமை வகித்தனர். 1932-இல் தொடங்கப்பட்ட படை என்பதால், உயர் பொறுப்புக்குத் தேவையான நீண்ட அனுபவமுள்ள இந்திய அதிகாரிகள் அதில் மிகச் சிலரே இருந்தனர். அந்த முதல் தலைமுறையைச் சேர்ந்த சுப்ரதோ முகர்ஜி, 1954 ஏப்ரல் 1-ஆம் தேதி தலைமைப் பொறுப்பை ஏற்றார்.

பிரிட்டன் திரும்பிய எல்ம்ஹர்ஸ்ட், பின்னாளில் கர்ன்சி தீவின் துணைநிலை ஆளுநராகப் பணியாற்றினார், 1982-இல் காலமானார். அவர் வலியுறுத்திய தனித் தலைமை என்ற ஏற்பாடு இன்றும் மாறவில்லை. விமானப் படைத் தளபதி, ராணுவ, கடற்படைத் தளபதிகளுக்கு இணையான நிலையிலேயே உள்ளார்.