மெமோ காலமும் ஒப்பந்தக் காலமும்

தமிழ்நாட்டு அரசு ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த எவரிடமும் '17பி' என்று சொல்லிப் பாருங்கள், என்னவென்று கேட்கமாட்டார்கள். தமிழ்நாடு குடிமைப் பணிகள் (ஒழுங்கு மற்றும் மேல்முறையீடு) விதிகள், 1955-இல் வரும் ஓர் உட்பிரிவு அது. 17ஏ வந்தால் கண்டிப்பு, ஊதிய உயர்வு நிறுத்தம் என்று சில்லறைத் தண்டனைகளோடு போய்விடும். 17பி வந்தால் பதவி இறக்கம் முதல் டிஸ்மிஸ் வரை போகலாம். போகலாம் என்றுதான் சொல்ல முடியும். அந்தக் காலத்தில் அவ்வளவு தூரம் போனது அபூர்வம். குற்றச்சாட்டுக் குறிப்பாணை, அதற்கு விளக்கம், விசாரணை அதிகாரி நியமனம், அவர் மாறுதலாகிப் போனதும் இன்னொருவர், சாட்சிகள், அறிக்கை, அதற்கு மறுபடி விளக்கம், மேல்முறையீடு, கடைசியில் ஐகோர்ட். பிரசவ வார்டில் தாய் இறந்துபோன ஒரு வழக்கின் கோப்பு இத்தனை படியும் ஏறி இறங்குவதற்குள், பிறந்த பிள்ளை பள்ளிக்கூடம் போக ஆரம்பித்திருக்கும்.

இத்தனை படிகளுக்கும் வேர் அரசியல் சட்டத்தின் 311-ஆவது பிரிவு. நியமித்த அதிகாரிக்குக் கீழே இருப்பவர் வேலையை விட்டு நீக்க முடியாது, விசாரிக்காமலும் நீக்க முடியாது என்கிறது அது. சோம்பேறிகளைக் காப்பாற்றும் சட்டம் என்று இதைத் திட்டுவது சுலபம். ஆனால் தாலுகா ஆஸ்பத்திரியின் கேஷுவால்டியை நினைத்துப் பாருங்கள். வெட்டுக்காயத்தோடு ஒருவர் வருகிறார். வெட்டியவர் உள்ளூர்ப் பெரிய மனிதரின் ஆள். விபத்துப் பதிவேட்டில் 'கீழே விழுந்தார்' என்று எழுதச் சொல்லி போன் வருகிறது. காயச் சான்றிதழ், பிரேதப் பரிசோதனை அறிக்கை எல்லாவற்றுக்கும் இந்த போன் உண்டு. 'உங்களால் என் வேலையைப் பறிக்க முடியாது' என்று மனசுக்குள்ளாவது சொல்லிக்கொள்ளும் தைரியம் டாக்டருக்கு இருந்ததென்றால், அது 311 கொடுத்தது. வேலைப் பாதுகாப்பும் நோயாளியின் பாதுகாப்பும் எப்போதும் எதிரெதிர்த் தரப்புகள் என்று பேசுகிறவர்கள் இந்தக் காட்சியை விட்டுவிடுகிறார்கள்.

அதே கேடயத்தின் பின்னால் வேறு பலரும் ஒதுங்கினார்கள் என்பதையும் மறைக்கத் தேவையில்லை. ஸ்டிரெச்சர் தள்ள ஒரு தொகை, ஆண் குழந்தை பிறந்த செய்தி சொல்ல ஒரு தொகை, பெண் என்றால் கொஞ்சம் தள்ளுபடி. பெரிய ஆஸ்பத்திரி வாசலில் இந்த மாமூலைக் கொடுக்காத குடும்பம் குறைவு. தமிழ்நாட்டில் அரசு டாக்டர்கள் பணி நேரத்துக்கு வெளியே தனியாக மருத்துவம் பார்க்க அனுமதி உண்டு. பணி நேரம் எங்கே முடிகிறது என்பதில்தான் சிலருக்குக் குழப்பம். புகார் எழுதிப் போட்டால் ஒரு சங்கம் வந்து நிற்கும். சங்கத்தைக் கடந்தும் புகார் நின்றுவிட்டால் நிர்வாகத்தின் கையில் ஒரே மருந்து இருந்தது: இடமாற்றம்.

'தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திட்டாங்க' என்பது தமிழ்நாட்டு அரசு அலுவலகங்களின் பழைய வசனம். அந்தக் காட்டிலும் ஓர் ஆஸ்பத்திரி இருந்தது, அங்கேயும் நோயாளிகள் இருந்தார்கள் என்பது யாருக்கும் உறைக்கவில்லை. நகரத்தில் ஒருவர் கவனக்குறைவாக இருந்தார் என்று முடிவுகட்டியபின், அவரை ஸ்பெஷலிஸ்ட்டும் மயக்க மருந்து டாக்டரும் இல்லாத ஊருக்கு அனுப்புவது யாருக்குத் தண்டனை? முதல் ஊர் நோயாளிக்கு ஆறுதல் கிடைத்தது, அவ்வளவுதான். அன்றைய ஏற்பாட்டின் மிகப் பெரிய பாவமாக நான் இதைத்தான் சொல்வேன். விசாரணை பத்து வருடம் இழுத்ததைவிட இது மோசம்.

நோயாளிக்கு வேறு கதவும் இல்லை. டாக்டர்களின் சேவையும் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் வி.பி.சாந்தா வழக்கில் 1995-இல் சொன்னபோது, எல்லோருக்கும் இலவசமாகச் சிகிச்சை தரும் மருத்துவமனைகளை வெளியே நிறுத்திவிட்டது. பணம் கட்டிப் படுத்தவர் நுகர்வோர் மன்றம் போகலாம். கட்டாதவர் சிவில் கோர்ட்டுக்கோ ஐகோர்ட்டுக்கோ போக வேண்டும். கருத்தடை அறுவை சிகிச்சை தவறிப்போன ஹரியானா ஏழைப் பெண் ஒருவரின் வழக்கில், அரசு டாக்டரின் அலட்சியத்துக்கு அரசே பொறுப்பு என்று 2000-இல் தீர்ப்பு வந்தது. நல்ல தீர்ப்புதான். உச்ச நீதிமன்றம் வரை நடக்கக் கால் இருந்தவருக்குக் கிடைத்தது.

பிறகு 2003 ஜூலை. வேலைநிறுத்தம் செய்த சுமார் 1.7 லட்சம் அரசு ஊழியர்களையும் ஆசிரியர்களையும் ஜெயலலிதா அரசு ஒரே வீச்சில் வேலையைவிட்டு அனுப்பியது. வேலைநிறுத்தம் செய்ய அரசு ஊழியருக்கு உரிமை இல்லை என்று டி.கே.ரங்கராஜன் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்துப் பெரும்பாலானோர் திரும்பினார்கள். 'கவர்மெண்டு வேலை, யாரும் அசைக்க முடியாது' என்ற நம்பிக்கையில் முதல் விரிசல் அப்போதுதான் விழுந்தது. ஆனால் அந்த நம்பிக்கையை உண்மையில் காலி செய்தது இன்னும் ஓசையில்லாத ஒரு காரியம். நிரந்தர ஊழியரை நீக்குவது கஷ்டமா? அப்படியானால் நிரந்தர ஊழியரே வேண்டாம்.

2012-இல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் வந்தது. 2015-இல் அந்த வாரியத்தின் தேர்வை எழுதி ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட செவிலியர்கள் தொகுப்பூதியத்தில் சேர்ந்தார்கள். மாதம் 7,700 ரூபாய். இரண்டு வருடத்தில் நிரந்தரம் என்ற பேச்சு. இரண்டு வருடம் கடந்து 2017 நவம்பரில் அவர்கள் தேனாம்பேட்டை டிஎம்எஸ் வளாகத்தில் உட்கார்ந்தபோதுதான், தங்களுக்கு ஊசி போட்டவரின் சம்பளம் என்னவென்று பலருக்கும் தெரியவந்தது. கொரோனா காலத்தில் கவச உடையோடு வார்டில் நின்ற செவிலியர்களில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் ஒப்பந்தம் 2022 டிசம்பர் 31-உடன் முடித்துவைக்கப்பட்டது. 17பி கிடையாது, விசாரணை அதிகாரி கிடையாது. தேதி முடிந்தது, போகலாம். துப்புரவும் காவலும் வெளி நிறுவனங்களுக்குப் போய்விட்டன. பழைய வார்டு பாயின் இடத்தில் இன்று 'பல்நோக்குப் பணியாளர்' நிற்கிறார். அவருடைய முதலாளி யார் என்று வார்டு சிஸ்டருக்கே சரியாகத் தெரியாது.

பாதுகாப்பு போனதே, நோயாளிக்குப் பாதுகாப்பு வந்ததா? சாத்தூரைப் பார்ப்போம். 2018 டிசம்பரில், அரசு மருத்துவமனையில் ஒரு கர்ப்பிணிக்கு ஏற்றப்பட்ட ரத்தத்தில் எச்.ஐ.வி இருந்தது வெளியே வந்தது. ரத்தம் சிவகாசி அரசு ரத்த வங்கியிலிருந்து போனது. கொடுத்த இளைஞருக்குத் தொற்று இருப்பது 2016-இல் அவர் ரத்தம் கொடுத்தபோதே தெரிந்திருக்கிறது. அவருக்குத்தான் யாரும் சொல்லவில்லை. வெளிநாட்டு வேலைக்காகச் செய்துகொண்ட பரிசோதனையில் தெரிந்ததும், அவரே ரத்த வங்கியைத் தேடிப்போய்ச் சொன்னார். அதற்குள் ஏற்றியாகிவிட்டது. அவர் தற்கொலைக்கு முயன்று உயிரிழந்தார். ஆய்வக நுட்புநர்கள் மூவர் மீது நடவடிக்கை எடுக்கப்பட்டது.

இந்தச் சங்கிலியில் உண்மையைச் சொன்னவர் ஒரே ஒருவர். அவர் ஊழியரே இல்லை. 2016-இன் முடிவு ஏன் அவரிடம் போய்ச் சேரவில்லை, அவர் பெயர் எந்தப் பதிவேட்டில் நின்றிருக்க வேண்டும், அதே ஆள் திரும்பி வரும்போது எச்சரிக்க என்ன ஏற்பாடு இருந்தது என்ற கேள்விகளுக்கு மூன்று நுட்புநர்கள் மீதான நடவடிக்கை பதில் ஆகாது. ஒப்பந்த ஊழியரை நீக்க ஒரு நாள் போதும். விசாரணை தேவைப்படாத இடத்தில் விசாரிக்கும் பழக்கமும் போய்விடுகிறது என்பதுதான் இதில் விபரீதம். பழைய 17பி எவ்வளவு ஆமை வேகமானாலும், சாட்சியைக் கூப்பிட்டு 'அன்று டியூட்டியில் எத்தனை பேர்?' என்று ஒரு கேள்வியாவது அந்தக் காகிதத்தில் இருக்கும்.

மேல்மட்டத்தில் வேறு மாதிரியான அவசரம். 2022 நவம்பரில் சென்னை பெரியார் நகர் அரசு மருத்துவமனையில் முழங்கால் ஜவ்வுக்கு அறுவை சிகிச்சை செய்துகொண்ட இளம் கால்பந்து வீராங்கனை ஒருவர், கட்டு இறுகி ரத்த ஓட்டம் தடைபட்டு, கால் அகற்றப்பட்டு, உயிரையும் இழந்தார். டாக்டர்கள் இருவருக்கும் முதலில் வந்தது வெளியூர் இடமாற்றம். பழைய மருந்து மறக்கவில்லை. மரணத்துக்குப் பிறகு சஸ்பெண்ட், போலீஸ் வழக்கு. அன்று பத்து வருடத்தில் வராத முடிவு இன்று மாலைச் செய்திக்குள் வந்துவிடுகிறது. நான் இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் வாசலில் நிற்கும்போது அமைச்சர் விதிமுறை வாசிக்க முடியாது. ஆனால் உலக சுகாதார நிறுவனம் 19 வரிகளில் ஓர் அறுவை சிகிச்சைச் சரிபார்ப்புப் பட்டியலை 2008-லேயே வெளியிட்டது. எட்டு நாடுகளின் எட்டு மருத்துவமனைகளில் சோதித்தபோது மரணம் 1.5 சதவீதத்திலிருந்து 0.8 ஆகக் குறைந்தது என்று மறு ஆண்டே ஆய்வும் வந்தது. தியேட்டருக்குள் இருக்கும் எல்லோரும் வாய்விட்டுப் பேசினால்தான் அந்தப் பட்டியல் வேலை செய்யும். பெரிய டாக்டரைப் பார்த்து 'சார், இதைச் சரிபார்க்கவில்லை' என்று சொல்ல வேண்டியவர் மார்ச்சில் ஒப்பந்தம் முடியப்போகும் செவிலியர் என்றால்?

நிரந்தர வேலையில் இருப்பவரே பேசப் பயப்படும் காலம். பக்கத்து ஆந்திராவில், நர்சிப்பட்டினம் அரசு மருத்துவமனையின் மயக்க மருந்து டாக்டர் சுதாகர், 2020 ஏப்ரலில் முகக்கவசம் போதவில்லை என்று வெளியே சொன்னார், சஸ்பெண்ட் ஆனார். தமிழ்நாட்டில் 2019 அக்டோபரில் அரசு டாக்டர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது அவர்கள் கோரிக்கையில் சம்பளம் மட்டும் இல்லை, நோயாளிகளின் எண்ணிக்கைக்கு ஏற்ப டாக்டர் பணியிடங்கள் வேண்டும் என்பதும் இருந்தது. கிடைத்தது நூற்றுக்கும் மேற்பட்டோருக்கு இடமாற்றமும் மெமோவும். 2020 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்றம் அவற்றை ரத்து செய்தது. ஊழல், முறைகேட்டை அம்பலப்படுத்துவோரைப் பாதுகாக்க நாடாளுமன்றம் 2014-இல் நிறைவேற்றிய சட்டமோ இன்னும் நடைமுறைக்கு வரவில்லை.

ஆனால் இதே தமிழ்நாட்டில்தான் வேறொரு வழி முளைத்தது. பிரசவத்தில் நேரும் ஒவ்வொரு மரணத்தையும் தோண்டித் துருவிப் பார்க்கும் தணிக்கை 1990-களிலேயே இங்கே தொடங்கி, 2004-க்குப் பிறகு முழு வீச்சில் நடந்தது. யார் தவறு என்று கேட்பதைவிட எங்கே தாமதம் என்று கேட்பதே அதன் விதி. வீட்டை விட்டுக் கிளம்பவா, வண்டி கிடைக்கவா, ஆஸ்பத்திரியில் ரத்தம் கிடைக்கவா? கேள்வி அப்படி வந்ததால் பதிலும் வந்தது. ரத்தச் சேமிப்பு மையம், 24 மணி நேரப் பிரசவ மையம், 108 ஆம்புலன்ஸ் என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. லட்சம் உயிர்ப் பிறப்புக்கு 2001-03-இல் 134 ஆக இருந்த தாய் மரணம், 2018-20-இல் 54 ஆனது. தணிக்கையால் மட்டும் வந்த இறக்கம் என்று சொன்னால் மிகை. தணிக்கை இல்லாமலும் வந்திருக்காது.

அந்தத் தணிக்கைக் கூட்டங்களுக்கும் இப்போது பழைய நிம்மதி இல்லை. கலெக்டர் முன்னிலையில் நடக்கும் ஆய்வில் திட்டு வாங்குகிறோம், மருத்துவம் படிக்காத அதிகாரிகள் எங்களைக் குற்றவாளியாக நிறுத்துகிறார்கள் என்று அரசு டாக்டர் சங்கங்கள் அண்மை ஆண்டுகளில் போராட்டத்தில் இறங்கியிருக்கின்றன. கலெக்டரே வேண்டாம் என்ற கோரிக்கையோடு எனக்கு உடன்பாடில்லை. ஜெனரேட்டருக்கும் ஆம்புலன்ஸுக்கும் கையெழுத்துப் போடக்கூடிய ஆள் அந்த மேஜையில் அவர் ஒருவர்தான். ஆனால் அந்த அறையில் ஒருவர் சொன்னதை வைத்து அவருக்கு மெமோ கொடுக்க முடியாது என்பது விதியாக எழுதப்பட வேண்டும். லஞ்சம், டியூட்டிக்கு வராதது, குடித்துவிட்டு வந்தது போன்றவற்றுக்குத் தனி மேஜை, தனிக் கெடு. ஆறு மாதத்தில் 17பி முடிந்தாக வேண்டும். இரண்டையும் ஒரே மேஜையில் வைப்பதால்தான் யோக்கியர் வாயை மூடுகிறார், மற்றவர் தப்பித்துப் போகிறார்.

சட்டமும் இந்தக் குழப்பத்தைக் கூட்டியிருக்கிறது. 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-ஆவது பிரிவில், கவனக்குறைவால் மரணம் விளைவித்தால் ஐந்தாண்டு வரை சிறை. பதிவு பெற்ற டாக்டர் சிகிச்சையின்போது செய்தால் மட்டும் இரண்டாண்டு வரை. டாக்டருக்கு இந்தச் சலுகை நியாயம்தான் என்று நினைக்கிறேன். ஆனால் அவர் சொன்ன ஊசியைப் போட்ட செவிலியருக்கும், ரத்தத்தைச் சோதித்த நுட்புநருக்கும் அந்தச் சலுகை எழுதப்படவில்லை. 311 இல்லாத, ஒப்பந்தத் தேதி குறித்த, சம்பளம் குறைந்த ஊழியருக்குத்தான் அதிகபட்சத் தண்டனையும் அதிகம்.

நோயாளியின் குடும்பத்துக்கு அந்தக் கலெக்டர் ஆய்வில் ஓர் இடம் உண்டு. இறந்தவரின் உறவினரை அழைத்து, நடந்ததைச் சொல்லக் கேட்பார்கள். சொல்லி முடித்ததும் அவர்களை அனுப்பிவிட்டு டாக்டர்களிடம் விவாதம் தொடங்கும். நுகர்வோர் மன்றமும் அவர்களுக்கு இல்லாத நிலையில், குற்றவாளி யார் என்று முடிவாகும்வரை காத்திருக்காமல் நஷ்டஈடு தரும் ஒரு சட்டமாவது வேண்டும். சாத்தூர்ப் பெண்ணுக்கு 25 லட்சம் ரூபாய் வாங்கித் தர உயர் நீதிமன்றம் தலையிட வேண்டியிருந்தது. பத்திரிகையில் வராத மற்றவர்கள், கூட்டம் முடிந்து என்ன எழுதினார்கள் என்று விசாரிக்க மறுபடியும் அதே ஆஸ்பத்திரி ஆபீஸுக்குத்தான் வருகிறார்கள்.