உங்களுக்குத் தெரியுமா? கருடன்: தாயை மீட்ட மகன்

காரைக்கால் கரையோரத்தில் கருடன் வட்டமிட்டால், அண்ணாந்து பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்வோம். அந்தக் கும்பிடுக்கு உரியவனைப் பற்றிச் சில செய்திகள்.

● கருடனின் தாய் வினதை. தேவலோகக் குதிரை உச்சைசிரவஸின் வால் என்ன நிறம் என்று தன் சகோதரி கத்ருவிடம் பந்தயம் கட்டினாள். கத்ருவின் பிள்ளைகளான பாம்புகள் வாலில் சுற்றிக்கொண்டு அதைக் கறுப்பாகக் காட்டின. தோற்ற வினதை அடிமையானாள். மகாபாரதத்தின் ஆதிபர்வம் சொல்லும் கதை இது.

● தாயை விடுவிக்கப் பாம்புகள் கேட்ட விலை, அமுதம். தேவர்களை வென்று அமுதத்தைக் கொண்டுவந்த கருடன், வழியில் ஒரு சொட்டுக்கூடக் குடிக்கவில்லை. அந்தப் பற்றின்மையைக் கண்டு மகிழ்ந்துதான் திருமால் வரம் தந்தார். அவருக்கு வாகனமாகவும், அவருக்கு மேலே பறக்கும் கொடியாகவும் கருடன் ஆனது அப்படித்தான். பலத்தைவிட இந்த மனசுதான் அவனை வணங்கத் தக்கவனாக்குகிறது.

● சூரியனின் தேரோட்டி அருணன், கருடனின் அண்ணன். அருணனின் மகன்தான் ஜடாயு. சீதையைக் காக்க ராவணனோடு போரிட்டு உயிர்விட்டவர் கருடனுக்கு அண்ணன் மகன் என்றால், அந்த வீரம் எங்கிருந்து வந்தது என்று கேட்கவே வேண்டாம். வைத்தீஸ்வரன்கோயிலில் இன்றும் ஜடாயு குண்டம் இருக்கிறது.

● வைணவத்தில் கருடனுக்குப் பெரிய திருவடி என்று பெயர். அனுமனுக்குச் சிறிய திருவடி. சந்நிதியில் மூலவரைப் பார்த்துக் கைகூப்பி நிற்கும் கருடன், வாகனத்தில் ஒரு முழங்காலை மடித்து, பெருமாளின் பாதம் தாங்க இரு கைகளையும் முன்னால் நீட்டியிருப்பார். அடுத்த கருட சேவையில் அந்தக் கைகளைக் கவனியுங்கள். உடம்பில் அவர் அணிந்திருக்கும் ஆபரணங்கள் எட்டு நாகங்கள்.

● கும்பகோணம் பக்கத்தில் நாச்சியார்கோயிலில் கருடன் கல்லிலேயே இருக்கிறார். மார்கழி, பங்குனி விழாக்களில் சந்நிதியிலிருந்து கிளம்பும்போது தூக்குவோர் 4 பேர். வெளியே வர வர அது 8, 16, 32, 64 என்று இரட்டிப்பாகும். திரும்பும்போது அதே கணக்கில் குறையும். கருடனின் கனம் வழியில் கூடிக் குறைவதாகப் பக்தர்கள் நம்புகிறார்கள்.

● தை அமாவாசைக்கு மறுநாள் சீர்காழி அருகே திருநாங்கூரில் 11 திவ்யதேசப் பெருமாள்களும் ஒரே இடத்தில் கருட வாகனத்தில் காட்சி தருவார்கள். பதினொரு கருடனை ஒரே இரவில் சேவிக்கக் காரைக்காலிலிருந்து அதிக தூரம் போக வேண்டியதில்லை.

● நாம் கருடன் என்று கும்பிடும் பறவை செம்பருந்து. தலையும் மார்பும் வெள்ளை, மற்றதெல்லாம் செங்காவி. கதையில் பாம்புக்குப் பகை என்றாலும், கடற்கரையில் இதன் சாப்பாடு பெரும்பாலும் செத்த மீனும் நண்டும்தான். வலை உதறும் இடத்தில் தாழப் பறந்து வந்து காலாலேயே அள்ளிக்கொண்டு போகும். கரையைச் சுத்தமாக வைப்பதில் அதற்கும் பங்குண்டு. இந்தோனேசியாவின் ஜகார்த்தா மாநகரம் தன் அடையாளப் பறவையாக வைத்திருப்பதும் இதைத்தான்.

● மத்தியப் பிரதேசத்தின் விதிஷாவில் கி.மு. 2ஆம் நூற்றாண்டுக் கருடத் தூண் ஒன்று நிற்கிறது. நிறுத்தியவர் தட்சசீலத்திலிருந்து வந்த கிரேக்கத் தூதர் ஹீலியோடோரஸ். வாசுதேவனின் அடியவராகவே தம்மைக் கல்வெட்டில் சொல்லிக்கொள்கிறார்.

● நம் கரைக்கும் தென்கிழக்காசியாவுக்கும் உறவு பழசு. முதலாம் ராஜராஜன் காலத்தில் ஸ்ரீவிஜய மன்னர் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரம் எழுப்பினார். ராஜேந்திர சோழனின் காலத்தில் ஜாவாவை ஆண்டவர் ஐர்லாங்கா; கருடன் மேல் அமர்ந்த திருமாலாக அவரைக் காட்டுவதாகக் கருதப்படும் சிலை அங்கே ட்ரோவுலான் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

● தாய்லாந்தின் அரச சின்னம் கருடன். இந்தோனேசியாவும் 1950 பிப்ரவரியில் கருடனையே தேசியச் சின்னமாக ஏற்றது. அதன் இறகுகளை எண்ணிப் பாருங்கள்: ஒவ்வொரு சிறகிலும் 17, வாலில் 8, கேடயத்தின் அடியில் 19, கழுத்தில் 45. சேர்த்தால் 17-8-1945, அவர்கள் சுதந்திரம் அறிவித்த நாள்! அடிமைப்பட்ட தாயை மீட்டவனைவிடப் பொருத்தமான சின்னம் வேறென்ன? 1954 நவம்பர் 1 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்த காரைக்காலுக்கு இதன் அருமை தெரியும்.



● காரைக்கால் மாவட்டத்தின் திருமலைராயன்பட்டினம் கடற்கரையில் மாசி மகத்தன்று, திருக்கண்ணபுரம் சௌரிராஜப் பெருமாள் கருட வாகனத்தில் தீர்த்தவாரிக்கு எழுந்தருள்வார். மீனவர் குலத்தில் பிறந்த பத்மினி நாச்சியாரை மணந்தவர் என்பதால், மீனவர்களுக்கு அவர் மாப்பிள்ளை. தோள் கொடுத்துச் சுமந்து வருவதும் அவர்களே. உள்ளூர்க்காரர்கள் பிள்ளைகளைக் கட்டாயம் அழைத்துப் போங்கள். மாமனார் ஊருக்கு மாப்பிள்ளையைச் சுமந்து வரும் கருடனை அவர்கள் பக்கத்தில் நின்று பார்க்கட்டும். வினதையின் கதையையும் அங்கேயே சொல்லிக் கொடுங்கள்.