காரில் குழந்தைக்கென ஓர் இருக்கை

"மடியை விடக் குழந்தைக்குப் பாதுகாப்பான இடம் வேறு உண்டா?"

கார் சீட் பற்றிய பேச்சை எடுத்தவுடன் நம் வீடுகளில் எழும் முதற் கேள்வி இதுதான். கேட்பவர் உம்மம்மாவாக இருப்பார். சில ஊர்களில் நன்னியாக இருப்பார். ஆறேழு பிள்ளைகளை மடியிலேயே வைத்துக்கொண்டு பஸ்ஸிலும் ரயிலிலும் ஊர் ஊராகச் சென்று வந்தவர் அவர். அவரிடம் மறுத்துப் பேச எவருக்கும் நாவெழாது. ஆயினும் அவருக்கு விடை கூறாமல் குழந்தை இருக்கையைக் காரில் பொருத்த இயலாது. பொருத்தினாலும் அதில் குழந்தையை உட்கார வைக்க இயலாது. ஆகவே அன்பு வாசகர்களே, அக்கேள்வியிலிருந்தே தொடங்குவோம்.

மணிக்கு 50 கிலோமீட்டர் வேகம் நமக்குப் பெரிய வேகமாகத் தோன்றுவதில்லை. ஆனால் அது நொடிக்கு ஏறத்தாழ 14 மீட்டர். அவ்வேகத்தில் செல்லும் கார், நின்றுகொண்டிருக்கும் லாரியின் பின்புறத்தில் மோதி, ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்துக்குள் நின்றுவிடுகிறது எனக் கொள்வோம். கார் நின்றுவிடும், உள்ளே இருப்பவர்களோ அதே வேகத்தில் முன்னோக்கிச் சென்றுகொண்டிருப்பார்கள். 10 கிலோ எடையுள்ள குழந்தையை அந்நேரத்துக்குள் தடுத்து நிறுத்த வேண்டுமாயின், ஏறத்தாழ 140 கிலோ எடையைத் தாங்கும் வலிமை அக்கைகளுக்கு இருத்தல் வேண்டும். இரண்டு நெல் மூட்டைகளை, எச்சரிக்கையின்றி, ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில் ஏந்திப் பிடிப்பதற்கு ஒப்பானது அது. மல்யுத்த வீரராலும் ஆகாது. பெல்ட் அணியாத பெரியவராயின் அவரும் குழந்தையோடு சேர்ந்தே முன்னே எறியப்படுவார். முன் சீட்டுக்கும் அவருடைய உடலுக்கும் இடையில் அகப்படுவது குழந்தை. ஒரே பெல்ட்டை இருவருக்கும் சேர்த்து மாட்டினாலும் நிலைமை இதுவே. உம்மம்மாவின் அன்பில் குறையில்லை. அந்தப் பத்தில் ஒரு நொடியில் அவருடைய கைகளால் செய்யக்கூடியது ஏதுமில்லை என்பதுதான் துயரம்.

இவ்வுண்மையை முதலில் ஊன்றிக் கவனித்தோருள் ஒருவர் சுவீடன் நாட்டு மருத்துவர் பெர்ட்டில் ஆல்ட்மன். அமெரிக்க விண்வெளி வீரர்கள் ஜெமினி விண்கலத்தில், முதுகு முழுவதும் இருக்கையில் படிய மல்லாந்த நிலையில் பயணம் செய்வதைக் கண்ட அவர், குழந்தைகளுக்கும் அம்முறை ஏற்றதாகும் எனக் கருதினார். அவர் வகுத்த, பின்னோக்கி அமரும் குழந்தை இருக்கையின் முதல் மாதிரி 1964-இல் வோல்வோ கார் ஒன்றில் பரிசோதிக்கப்பட்டது. ஏன் பின்னோக்கி? ஒன்பது மாதக் குழந்தையின் தலை, அதன் உடல் எடையில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு. பெரியவர்களுக்கோ அது 6 விழுக்காடு அளவே. கழுத்தெலும்புகள் அவ்வயதில் முழுமையாக எலும்பாகியிருப்பதில்லை. முன்னோக்கி அமர்ந்த குழந்தையின் உடலை வார்கள் பிடித்துக்கொள்ளும். தலையை எதுவும் பிடிப்பதில்லை, கழுத்தே பிடிக்க வேண்டும். பின்னோக்கி அமர்ந்தால் அவ்விசை முதுகு, தோள், தலை என எங்கும் பரவி இருக்கையில் இறங்கிவிடுகிறது.

கன்வெர்ட்டிபிள் கார் சீட் எனக் கடைகளில் விற்கப்படுவது, இவ்விரு நிலைகளிலும் திருப்பிப் பொருத்தத்தக்க ஒரே இருக்கையாகும். சிறு குழந்தைக்குப் பின்னோக்கியும், வளர்ந்தபின் முன்னோக்கியும் அதனை அமைத்துக்கொள்ளலாம். அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்புத் துறையின் மதிப்பீட்டின்படி, முறையாகப் பயன்படுத்தப்படும் குழந்தை இருக்கை, கார்களில் ஒரு வயதுக்குட்பட்டோரின் உயிரிழப்பை 71 விழுக்காடும், ஒன்று முதல் நான்கு வயது வரையுள்ளோரின் உயிரிழப்பை 54 விழுக்காடும் குறைக்கிறது. 'முறையாக' என்னும் சொல்லை அருள்கூர்ந்து கவனியுங்கள். இனி நாம் பேசவிருப்பது அதனைப் பற்றியே.

சட்டத்தைச் சுருக்கமாகக் கூறிவிடலாம். 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 194 பி பிரிவு, 14 வயது நிறையாத குழந்தையைப் பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இன்றி ஏற்றிச் செல்லும் ஓட்டுநருக்கு 1,000 ரூபாய் அபராதம் விதிக்கிறது. நம்மவர்கள் பலர் வாழும் ஐக்கிய அரபு அமீரகத்தில் நான்கு வயது வரை குழந்தை இருக்கை 2017 முதல் கட்டாயம். மலேசியாவில் 2020 முதல் சட்டம் உண்டு. துபாயில் ஒரு நாளும் தவறாமல் குழந்தையை இருக்கையில் கட்டிச் செல்லும் வாப்பா, விடுமுறையில் சென்னை விமான நிலையத்தில் இறங்கியதும் அதே குழந்தையை முன் சீட்டில் மடியில் வைத்துக்கொண்டு 500 கிலோமீட்டர் பயணம் செய்வதைப் பார்க்கிறோம். சாலையும் வேகமும் ஊருக்கேற்ப இரக்கம் காட்டுவதில்லை என்பதை அவர் அறியாதவரல்லர்.

வாங்குமுன்

இருக்கையின் பக்கவாட்டிலோ அடியிலோ ஓர் அடையாளச் சீட்டு ஒட்டப்பட்டிருக்கும். இந்தியத் தர அளவு ஏ.ஐ.எஸ். 072, ஐரோப்பியத் தர அளவுகள் ஆர் 44, அதனினும் புதிய ஆர் 129. இவற்றுள் ஒன்றேனும் இல்லாத இருக்கை, விலை எவ்வளவு மலிவாயினும் வேண்டா. எத்தனை கிலோ வரை, எத்தனை சென்டிமீட்டர் உயரம் வரை, எந்த நிலையில் என்பதும் அதே சீட்டில் இருக்கும். வெளிநாட்டிலிருந்து உறவினர் அன்போடு அனுப்பும் இருக்கையிலும் இவற்றைப் பாருங்கள். அமெரிக்க இருக்கைகளுள் சில, முழுவதும் இழுத்துவிட்டால் தானே பூட்டிக்கொள்ளும் பெல்ட்டை எதிர்பார்த்துச் செய்யப்பட்டவை. நம் நாட்டுக் கார்கள் பலவற்றின் பெல்ட்டுகள் திடீர் அதிர்வில் மட்டுமே பூட்டிக்கொள்ளும். அத்தகைய இருக்கையில் பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் பூட்டு உடன் அமைந்துள்ளதா எனக் கேட்டறிதல் நலம். ஒருமுறை விபத்தில் சிக்கிய இருக்கையையோ, வரலாறு தெரியாத பழைய இருக்கையையோ இலவசமாகத் தந்தாலும் ஏற்க வேண்டா. உள்ளே ஏற்பட்ட வெடிப்பு கண்ணுக்குத் தெரியாது.

அடுத்து, உங்கள் காரைப் பாருங்கள். பின் சீட்டின் சாய்மானமும் அமரும் பகுதியும் சேரும் இடுக்கில் கையை விட்டால், 28 சென்டிமீட்டர் இடைவெளியில் இரண்டு இரும்பு வளையங்கள் தட்டுப்படலாம். ஐசோஃபிக்ஸ் என்பது இதுவே. அண்மைக்கால கார்களில் இது உண்டு. ஆனால் கார் வாங்கிய மறுநாளே நாம் போட்டுவிடும் ரெக்சின் சீட் கவர் அவ்வளையங்களை மறைத்துவிடுகிறது. ஐந்தாண்டுகளாக அவை இருப்பதையே அறியாதோர் உண்டு. அதற்கு மேல் ஒரு டர்க்கி டவல் வேறு விரித்திருப்போம். வழுக்கும் கவரும் அதன்மேல் துண்டும் இருக்கும்வரை எந்த இருக்கையும் உறுதியாக நிற்காது. குழந்தை இருக்கைக்குரிய இடத்திலேனும் இவற்றை அகற்றிவிடுங்கள்.

எந்த இடம் என்பதில் ஒன்றே ஒன்று கண்டிப்பானது. இயங்கும் ஏர்பேக் உள்ள முன் சீட்டில் பின்னோக்கிய இருக்கையை ஒருபோதும் வைத்தல் கூடாது. ஏர்பேக் கண்ணிமைக்கும் நேரத்துக்குள் விரிந்து, குழந்தையின் தலைக்குப் பின்னாலிருக்கும் ஓட்டின்மீது நேரே அறையும். 2021 ஏப்ரல் முதல் நம் நாட்டில் புதிய மாடல் கார்களின் முன்பக்கப் பயணியர் இருக்கைக்கும் ஏர்பேக் கட்டாயமாகிவிட்டமையால் இதனை மறத்தலாகாது. பின் சீட்டின் நடுவிடத்தில் மூன்று முனைப் பெல்ட் இருந்து, இருக்கை தட்டையாக அமருமாயின் அது நல்ல இடம். பல கார்களில் நடுவில் மேடும் இடுப்புப் பெல்ட்டுமே உள்ளன. அப்போது இடப்பக்கம் ஏற்றது. நடைபாதைப் பக்கமாகக் குழந்தையை ஏற்றி இறக்கலாம். ஓட்டுநரின் சீட்டையும் இடிக்காது.

பொருத்தும் முறை

காரைச் சமதரையில் நிறுத்துங்கள். இருக்கையின் கையேட்டையும் காரின் கையேட்டையும் அருகில் வைத்துக்கொள்ளுங்கள். பொடி எழுத்தில் ஆங்கிலத்தில் இருக்கும். கல்லூரிக்குச் செல்லும் மகளோ மகனோ வீட்டில் இருந்தால், அப்படிப்பின் பயனை அன்று கண்டுகொள்ளலாம்.

பெல்ட்டைக் கொண்டு பின்னோக்கிப் பொருத்துவதாயின், பெல்ட் செல்லும் வழியைக் காண வேண்டும். ஐரோப்பிய முறையில் பின்னோக்கிய நிலைக்கு நீல வழி, முன்னோக்கிய நிலைக்குச் சிவப்பு வழி. இருக்கையை வைத்து, பக்கவாட்டிலுள்ள கோடு அல்லது நீர்மட்டக் குமிழைப் பார்த்துச் சாய்வைச் சரிசெய்யுங்கள். பச்சிளங் குழந்தைக்குச் சாய்வு கூடுதலாக வேண்டும். இல்லையேல் தலை முன்னே கவிழ்ந்து மோவாய் நெஞ்சில் படியும், மூச்சுக்குழல் நெருக்கப்படும். அதன்பின் பெல்ட்டை முறுக்கின்றி நீல வழியில் செலுத்திப் பூட்டி, இருக்கையை ஒரு கையாலோ முழங்காலாலோ நன்கு அழுத்திக்கொண்டு, மறு கையால் பெல்ட்டின் தொய்வு முழுவதையும் இழுத்தெடுங்கள். இருக்கையில் பெல்ட் பூட்டு இருந்தால் அதனை மூடுங்கள். கார் பெல்ட்டின் பக்கிள் இருக்கையின் விளிம்பில் மடிந்து நிற்கிறதா எனவும் பாருங்கள். மடிந்து நின்றால் மோதலில் அது உடையவும் திறக்கவும் கூடும். வேறு இடத்தில் பொருத்த வேண்டியதுதான்.

ஐசோஃபிக்ஸ் ஆயின் வேலை எளிது. இரு கொக்கிகளையும் வளையங்களில் செலுத்தினால் 'டிக்' என்னும் ஒலி இருமுறை கேட்கும். பல இருக்கைகளில் சிவப்பு அடையாளம் பச்சையாக மாறும். ஆயினும் இரண்டு கொக்கிகளோடு வேலை முடிவதில்லை. மூன்றாவது பிடிப்பு ஒன்று உண்டு: மேல்வாரோ, தரையில் ஊன்றும் காலோ. முன்னோக்கிய நிலையில் மேல்வார் தலை முன்னே பாயும் தூரத்தைக் குறைக்கிறது. அதை மாட்டும் வளையம் சாய்மானத்தின் பின்புறத்திலோ டிக்கியிலோ இருக்கும். சாமான் கட்டும் கொக்கியை அதுவென எண்ணி மாட்டிவிடுவோர் மிகுதி. ஊன்றுகால் உள்ள இருக்கையாயின், காரின் தரைக்கடியில் சாமான் பெட்டி இருக்கிறதா எனக் கையேட்டில் பாருங்கள். பெட்டியின் மூடிமேல் ஊன்றிய கால் எதையும் தாங்காது. பெல்ட்டையும் ஐசோஃபிக்ஸையும் சேர்த்து மாட்டினால் இரட்டிப்புப் பாதுகாப்பு என்பதும் தவறு. கையேடு கூறினாலன்றி ஒன்றையே பயன்படுத்துக.

பெல்ட் செல்லும் இடத்தில் கையை வைத்து இருக்கையைப் பக்கவாட்டிலும் முன்பின்னாகவும் அசைத்துப் பாருங்கள். ஓர் அங்குலத்துக்கு மேல் அசையுமாயின் மீண்டும் தொடங்குங்கள். பின்னோக்கிய நிலையில் தலைப்பக்கம் சற்று ஆடத்தான் செய்யும். அதனைக் கண்டு அஞ்ச வேண்டா.

குழந்தையைப் பிணைக்கும் வார்களின் உயரத்தில் ஒரு நுட்பம் உண்டு. பின்னோக்கிய நிலையில் அவை தோள்மட்டத்திலோ சற்றுக் கீழோ தொடங்க வேண்டும். முன்னோக்கிய நிலையில் தோள்மட்டத்திலோ சற்று மேலோ. இறுக்கியபின் தோளருகே வாரை இரு விரல்களால் கிள்ளிப் பாருங்கள். மடிப்புக் கிடைத்தால் தளர்வு இருக்கிறது என்பது பொருள். பெருநாளைக்கும் நிக்காஹ் வீட்டுக்கும் பிள்ளைகளுக்கு அணிவிக்கும் அட்டை போன்ற ஜரிகைச் சட்டை, பஞ்சடைத்த கோட்டு ஆகியவை வாருக்கடியில் தளர்வை மறைத்துவிடும். சாதாரணச் சட்டையோடு கட்டி அழைத்துச் சென்று, மண்டப வாசலில் அணிவித்தால் சட்டையும் கசங்காது. குளிராயின் போர்வையை வாருக்கு மேலே போர்த்துங்கள்.

எப்போது முன்னோக்கித் திருப்பலாம்? குழந்தைக்கு ஒரு வயது நிறைந்ததும் திருப்பிவிடும் வழக்கம் பரவலாக உள்ளது. ஆர் 129 விதி 15 மாதங்களுக்கு முன் கூடாது என்கிறது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2018-இல், இருக்கை அனுமதிக்கும் எடையோ உயரமோ எட்டும்வரை பின்னோக்கியே வைக்குமாறு கூறியது. கால் மடங்கி இருக்கிறதே என வருந்த வேண்டா. சப்பணமிட்டு உட்காரப் பிள்ளைகளுக்கு நாமா கற்றுத்தர வேண்டும்? திருப்பும் நாளில் பெல்ட்டைச் சிவப்பு வழிக்கு மாற்றுதல், சாய்வை நிமிர்த்துதல், வார்களை உயர்த்துதல், மேல்வாரை மாட்டுதல் ஆகிய அனைத்தையும் சேர்த்துச் செய்தல் வேண்டும். இருக்கையை மட்டும் திருப்பிவிட்டுப் பெல்ட்டைப் பழைய வழியிலேயே விட்டுவிடுவது அடிக்கடி நேரும் பிழை.

ஐந்து பேர் அமரும் காரில் எழுவர் செல்லும் குடும்பங்களுக்கு இவ்விருக்கை ஒரு பெரியவரின் இடத்தை எடுத்துக்கொள்கிறது. இதனை மறைத்துப் பயனில்லை. அன்றைய பயணத்துக்கு யார் பஸ்ஸில் வருவது என்னும் பேச்சு எழும். சிலருக்கு மனவருத்தமும் உண்டாகும். திடகாத்திரமான சித்தப்பாவும் மாமாவும் பஸ்ஸில் வரட்டும்.

முதல் சில நாட்கள் குழந்தை அழும். வீட்டுக்குள்ளேயே இருக்கையை வைத்து விளையாட விட்டால் பழகிவிடும். அழுகிறதே என்று ஓடும் காரில் வாரை அவிழ்க்காமல், ஓரமாக நிறுத்தித் தூக்குங்கள். வெயிலில் நிறுத்திய காரில் பக்கிளின் இரும்பு சுடும். வெள்ளைத் துணியால் மூடி வையுங்கள். கண்ணாடியை இறக்கிவைத்திருந்தாலும் குழந்தையை உள்ளே விட்டுவிட்டுக் கடைக்குச் செல்லலாகாது.

வாடகைக் காரில் செல்ல நேர்ந்தால் முதல் நாளே ஓட்டுநரிடம் பேசிவிடுங்கள். பின் சீட்டில் மூன்று முனைப் பெல்ட் வேலை செய்கிறதா, அதன் பக்கிள் சீட் கவருக்கடியில் புதைந்திருக்கிறதா என்பதைக் கேளுங்கள். பெரும்பாலும் புதைந்தே இருக்கும். புறப்படுமுன் கால் மணி நேரம் முன்னதாக வரச்சொல்லி, பெட்டிகளை ஏற்றுவதற்கு முன் இருக்கையைப் பொருத்திக்கொள்ளுங்கள்.