சில்லினுள் ஒரு வெப்பமானி

காய்ச்சல் கண்ட பிள்ளையின் உடற்சூட்டை வெப்பமானி அளந்து காட்டுகிறது. மருந்து கொடுப்பதா, வைத்தியசாலைக்கு எடுத்துச் செல்வதா என்பதை அது தீர்மானிப்பதில்லை. கணினியின் சிலிக்கன் சில்லில் அமைந்த வெப்ப உணரிக்கும், அதனை வாசிக்கும் ‘இயக்கி’ என்னும் நிரலுக்கும் உரிய முறையும் இதுவே.

சிலிக்கன் இருவாயி ஒன்றினூடாக மாறாத மின்னோட்டம் பாயும்போது, வெப்பம் ஒரு பாகை ஏற, அதன் மின்னழுத்தம் ஏறத்தாழ 2 மில்லிவோல்ற்று குறைகிறது. இவ்வியல்பே பல உணரிகளுக்கு அடிப்படை. அவ்வழுத்தம் எண்ணாக மாற்றப்பட்டு, பதிவகம் எனும் சிறு நினைவறையில் வைக்கப்படுகிறது. ஆனால் அவ்வெண் எப்பொழுதும் வெப்பநிலையையே குறிக்கும் என இயக்கியை எழுதுவோர் எண்ணிவிடலாகாது. இன்டெல் செயலிகள் பலவற்றில் அது, எல்லை வெப்பநிலையை எட்ட இன்னும் எத்தனை பாகை எஞ்சியுள்ளது என்பதையே சொல்கிறது. எல்லை 100 பாகை சென்றிகிறேட்டாகவும் பதிவகத்தின் எண் 35 ஆகவும் இருப்பின், சில்லின் வெப்பநிலை 65 பாகை. எல்லையைத் தவறாகக் கொண்டால் விடையும் அதே அளவு தவறும். எல்லையை அணுகும்போதே இவ்வுணரி திருத்தமாக உரைக்கும். குளிர்ந்த நிலையில் அதன் சொல்லை அவ்வளவாக நம்புதற்கில்லை. ஆபத்தை அறிவிக்கவென அமைந்த கருவிக்கு அது பெருங்குறையன்று.

லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் முதன்முதல் வெளியிட்ட லினக்ஸ் இயங்குதளத்தின் உட்கருவில் தசமக் கணக்கு பெரும்பாலும் தவிர்க்கப்படுகிறது. ஆகவே இயக்கி 47.5 பாகையை 47500 மில்லிபாகை என முழு எண்ணாகத் தருகிறது. அத்துடன் அதன் கடமை முடிந்தது. வேகத்தைக் குறைப்பதும் விசிறியைச் சுழற்றுவதும் உட்கருவின் வேறொரு பகுதியின் பொறுப்பு. அப்பகுதி 80 பாகையில் வேகத்தைக் குறைக்கிறது எனக் கொள்வோம். 79இலேயே வேகத்தை மீட்டால், குறைத்தலும் கூட்டுதலுமாகச் சில்லு ஓயாது தடுமாறும். எனவே 75 வரை இறங்கட்டும் என ஓர் இடைவெளி விடப்படும். எல்லாவற்றுக்கும் மேலாக அபாய வரம்பொன்று உண்டு. அதனைத் தாண்டினால் கணினியே நிறுத்தப்படும்.

உணரி விடையளிக்கத் தவறினால் இயக்கி என் செய்வது? சுழியம் என்று எழுதிவிடுவது எளிது. வாசிப்போருக்கோ சில்லு பனிக்கட்டிபோற் குளிர்ந்திருப்பதாகத் தோன்றும். விசிறி ஓயும், வேகம் ஏறும். வாசிக்க இயலவில்லை எனப் பிழைக்குறியொன்றைத் திருப்பி அனுப்புவதே முறை. மென்பொருள் முழுவதும் உறங்கினாலும் தன்னைத்தானே அணைத்துக்கொள்ளும் காவல் பல செயலிகளுக்கு உண்டு என்பது மெய்யே. ஆயினும் அக்காவல் சட்டென மின்னைத் துண்டிக்கும்போது, சேமிக்கப்படாத வேலையும் உடன் அழிந்துவிடும்.