மூட்டையும் தலையும்

அரிசி மண்டி வாசலில் லாரி வந்து நின்றதும், தலையில் சும்மாட்டை வைத்துக்கொண்டு நாலு பேர் ஓடி வருவதை நேயர்கள் பார்த்திருப்பார்கள். மூட்டை ஒன்று 50 கிலோ என்றால் 10 டன் லாரியில் 200 மூட்டைகள். ஆளுக்கு ஐம்பது நடை. இரண்டரை டன் பாரம் ஒருவன் கழுத்தின் மீது ஏறி இறங்கிவிடுகிறது. வயது வந்த ஆண் சுமக்கும் பாரம் 55 கிலோவுக்கு மேற்படலாகாதென்று 1967-ல் சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனம் சிபாரிசு செய்தது. ஒரு மூட்டையைப் பார்த்தால் வரம்புக்குள்தான் இருக்கிறது. ஐம்பதையும் சேர்த்துப் பார்ப்பவர் யார்?

இந்தப் பாரத்தைத் தலையிலிருந்து இறக்க ஏற்பட்ட சாதனங்களில் முதலாவது யந்திரமே அன்று, வெறும் மரத்தட்டு. 'பாலெட்' என்று பெயர். அடியில் சந்து விட்டு அடித்த பலகை மேடை. இதன்மேல் இருபது மூட்டைகளை அடுக்கினால் ஒரு டன். சந்தினுள் இரண்டு இரும்பு விரல்களை நுழைத்துத் தூக்கினால் இருபதும் ஒன்றாய் எழும்புகின்றன.

தூக்குவதற்குக் கைவண்டி ஒன்று போதும். பார்வைக்குச் சாதுவான வண்டி. ஆனால் 2 முதல் 2½ டன் வரை சுமக்கும். கைப்பிடியை மேலும் கீழும் அடித்தால், சிறு குழாயிலுள்ள எண்ணெய் அழுத்தப்படுகிறது. அவ்வழுத்தம் குறையாமல் பெரிய உருளைக்கும் பரவுமென்று 17-ம் நூற்றாண்டிலேயே பிரெஞ்சு அறிஞர் பாஸ்கல் கண்டார். பெரிய உருளையின் பரப்பு இருபது மடங்கானால், தூக்கும் விசையும் இருபது மடங்கு. இயற்கை எதையும் இனாமாகக் கொடுப்பதில்லையாகையால், பலமுறை அடித்தால்தான் ஒரு சாண் உயரம் எழும்பும். தரையை விட்டு எழும்பினால் போதுமே, பிறகு உருட்டிச் செல்ல வேண்டியதுதான்!

உயர்ந்த தட்டுகளில் வைக்க, நெடுங்கம்பம் பொருத்திய 'ஸ்டாக்கர்' உண்டு. பெரிய கிடங்குகளில் 'போர்க் லிப்ட்' ராஜநடை போடுகிறது. முன்னால் பாரம், பின்னால் அதற்கு ஈடான இரும்புக் கனம். 1917-ல் அமெரிக்காவில் கிளார்க் கம்பெனியார் தங்கள் தொழிற்சாலைக்கென்று செய்துகொண்ட வண்டி இதன் முன்னோர்களில் ஒன்று. இரண்டாவது மகா யுத்தத்தில் ராணுவ ஸாமான்களோடு இவ்வண்டியும் பாலெட்டும் உலகெங்கும் பரவின. பாரத்தை உயரத் தூக்கியபடி வேகமாகத் திரும்பினால் வண்டி கவிழும். அப்போது வெளியே குதிப்பவனே பெரும்பாலும் நசுங்குகிறான். வாரைப் பூட்டிக்கொண்டு ஆசனத்திலேயே இறுகப் பிடித்திருக்க வேண்டும்.

நமக்கென்னவோ அந்தக் கைவண்டியின் மீதுதான் பிரியம். சிறு வியாபாரியும் வாங்கக் கூடியது. ஆனால் நாம் பார்த்த ஒரு கிடங்கில் அது சுவரோரம் தூசி படிந்து நின்றது. அதன் சக்கரங்களோ சிறியவை. கிடங்கின் தரையோ வெடித்துக் கிடந்தது. வாசலில் அரை அடி உயரப் படி வேறு. லாரியும் பாலெட் இல்லாமல் வெறும் மூட்டைகளோடு வருகிறது.

வேறொரு காரணமும் இருந்தது. அதைச் சொன்னவர், அங்கே வெகு நாளாக மூட்டை தூக்கும் முதியவர். "எங்களுக்கு மூட்டைக் கணக்கில் கூலி, ஐயா. பாரத்தை வண்டி சுமந்தால் கூலியை யார் வாங்குவது?" என்று கேட்டார். முதலாளியிடம் இதைச் சொன்னோம். அவர் சிறிது யோசித்து, தரையைச் செப்பனிட்ட பிறகு, வண்டியில் இழுத்தாலும் அதே கூலியென்று எழுதிக் கொடுப்பதாகச் சொன்னார். முதியவர் சும்மாட்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "எழுதிக் கொடுக்கட்டும்" என்றார்.