ஜூன் மாதமும் ஒன்பதாம் வகுப்பும்

பள்ளிக் கட்டணத்தை அரசு ஏற்றுக்கொண்டால் ஏழைக் குடும்பத்துக்குக் கல்வி இலவசமாகிவிடும் என்ற எண்ணம் பரவலாக இருந்தாலும், 2009ஆம் ஆண்டு இயற்றப்பட்டு 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள குழந்தைகளுக்கான இலவச, கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் அப்படிக் கருதவில்லை. அச்சட்டத்தின் 3ஆவது பிரிவு, ஒரு குழந்தை தொடக்கக் கல்வியைத் தொடரவும் முடிக்கவும் தடையாக அமையக்கூடிய எந்தக் கட்டணத்தையும் செலவையும் அக்குழந்தையிடமிருந்து பெறக்கூடாது என்று சொல்கிறது. தொடக்கக் கல்வி என்பதற்கு ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகள் என்று சட்டமே வரையறை தருகிறது. ஆகவே சீருடை, காலணி, நோட்டுப் புத்தகம், பேருந்துச் செலவு, மதிய உணவு ஆகியவற்றில் எது பிள்ளையை வீட்டில் நிறுத்திவைக்கிறதோ அதுவும் இலவசம் என்ற சொல்லுக்குள் அடங்கியாக வேண்டும். இந்த விரிந்த பொருள் நடைமுறையில் எங்கே சுருங்குகிறது என்பதை அறிய, உதவியின் தொகையைப் பார்ப்பதைவிட அது எந்த மாதத்தில் வருகிறது, எந்த வகுப்போடு நின்றுவிடுகிறது என்று பார்ப்பதே தெளிவைத் தரும்.

சென்னையின் திருவான்மியூர் இதைப் பார்ப்பதற்கு ஏற்ற இடம். மருந்தீசுவரர் கோயிலைச் சுற்றிய பழைய தெருக்களுக்குக் கிழக்கே கடலோரக் குப்பமும், மேற்கே தரமணியின் மென்பொருள் வளாகங்களும், இடையே அடுக்குமாடிக் குடியிருப்புகளும் நெருங்கி நிற்கும் இப்பகுதியில், ஆண்டுக்குப் பெருந்தொகை வாங்கும் தனியார் பள்ளியும், அதன் மாணவர் வீடுகளில் பாத்திரம் துலக்கும் பெண்ணின் பிள்ளை படிக்கும் பள்ளியும் நடந்துபோகும் தொலைவிலேயே உள்ளன. கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கான மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் நீடிக்கிறது. கரையிலிருந்து இறங்கும் சிறிய ஃபைபர் படகுகள் இத்தடைக்கு உட்படாவிட்டாலும், காசிமேட்டுத் துறைமுக விசைப்படகுகளில் கூலிக்குச் செல்வோரின் வருமானம் இந்த இரண்டு மாதங்களில் ஏறக்குறைய நின்றுவிடுகிறது. மீனவக் குடும்பத்துக்கு அரசு வழங்கும் தடைக்கால நிவாரணம் 5,000 ரூபாயிலிருந்து 8,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது வரவேற்கத்தக்கதுதான் என்றாலும், அது அடுப்பெரிவதற்கான தொகையே தவிரப் பள்ளிக்கான தொகை அன்று. 2025ஆம் ஆண்டில் பள்ளிகள் ஜூன் 2ஆம் தேதி திறந்தன, தடைக்காலம் முடிய அப்போது இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது. வீட்டுவேலை செய்வோருக்குக் கோடை விடுமுறை வேறொரு வகையில் கடினமானது. வேலை கொடுக்கும் குடும்பங்கள் ஊருக்குப் போய்விட்டால் சம்பளம் குறைவதும் உண்டு. கையில் காசு மிகக் குறைந்திருக்கும் வாரமும் பள்ளிச் செலவு மொத்தமாக வந்து விழும் வாரமும் ஒன்றாகவே அமைந்துவிடுவதால், தண்டல்காரரிடம் வாங்கி நாள்தோறும் திருப்பிக் கட்டும் கடனும், நகையை அடகு வைப்பதும் ஜூன் மாதத்து வழக்கமாகிவிடுகின்றன.

இக்கடலோரம் இலவசக் கல்வியின் வரலாற்றிலும் இடம்பெற்றதாகும். பிரம்மஞான சபையின் தலைவராக இருந்த கர்னல் ஹென்றி ஸ்டீல் ஆல்காட், ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளுக்கெனக் கட்டணமில்லாப் பள்ளியொன்றை 1894இல் இன்றைய பெசன்ட் நகரை ஒட்டிய ஊரூரில் தொடங்கினார்; ஆல்காட் நினைவு மேல்நிலைப் பள்ளி என்ற பெயரில் அது இன்றும் கட்டணமின்றியே நடக்கிறது. கட்டணத்தை நீக்குவது மட்டும் போதாது என்ற அறிவு அரசு நிர்வாகத்துக்கு வந்ததற்கான தெளிவான சான்று 1920இல் கிடைக்கிறது. பிட்டி தியாகராயர் சென்னை மாநகராட்சியின் தலைவராக இருந்த அவ்வாண்டு செப்டம்பரில், ஆயிரம் விளக்குப் பகுதி மாநகராட்சிப் பள்ளியின் பிள்ளைகளுக்கு ஆளுக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மிகாமல் செலவிட்டுச் சிற்றுண்டி வழங்கத் தீர்மானம் நிறைவேறியது. மேலும் சில பள்ளிகளுக்கு விரிந்த அத்திட்டம், தொடக்கக் கல்வி நிதியிலிருந்து உணவுக்குச் செலவிட அரசு இசையாததால் 1925 ஏப்ரலில் நின்றது. உணவு கல்விச் செலவாகுமா என்ற அந்தக் கேள்விக்கு, மதிய உணவுத் திட்டத்தின் வழியே காமராசர் 1956இலும், சத்துணவுத் திட்டத்தின் வழியே எம்.ஜி.ஆர். 1982இலும், காலை உணவுத் திட்டத்தைத் தொடங்கியவர்கள் 2022 செப்டம்பரிலும் ஒரே விடையைத்தான் தந்தார்கள். காலை உணவுத் திட்டம் 2025 ஆகஸ்ட் 26 அன்று நகர்ப்புற அரசு உதவிபெறும் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிவாக்கப்பட்டபோது, அதன் தொடக்க விழா திருவான்மியூரிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவிலுள்ள மயிலாப்பூர்ப் பள்ளியொன்றில் நடந்தது.

இந்த உணவுத் திட்டங்களும், பாடநூல், நோட்டுப் புத்தகம், புத்தகப் பை, காலணி, பேருந்துப் பயண அட்டை ஆகியவற்றை வழங்கும் திட்டங்களும் தமிழ்நாட்டில் நிலைத்து நின்றதற்கு ஒரு காரணம் உண்டு. இவற்றைப் பெறப் பெற்றோர் எந்த அலுவலகத்துக்கும் அலைய வேண்டியதில்லை. பிள்ளை பள்ளிக்கு வந்தாலே போதும், உதவி அங்கே இருக்கும். பயண அட்டை அச்சாகி வரத் தாமதமானாலும் சீருடை அணிந்த மாணவரைப் பேருந்தில் ஏற்றிக்கொள்ள வேண்டும் என்று போக்குவரத்துத் துறை ஆண்டுதோறும் அறிவிப்பது சிறிய செய்தியாகத் தோன்றலாம். ஆனால் ஜூன் மாதத்தின் இயல்பை ஒரு துறை புரிந்துகொண்டதன் அடையாளமாகவே அதைக் கொள்ள வேண்டும். நலவாரியங்களின் கல்வி உதவித்தொகை இதற்கு நேர்மாறானது. வீட்டுப் பணியாளர், கட்டுமானத் தொழிலாளர் போன்றோருக்கான வாரியங்களில் பதிவு செய்து, அப்பதிவைக் காலந்தோறும் புதுப்பித்து, சான்றுகளுடன் விண்ணப்பித்துக் காத்திருப்போருக்கே அது கிடைக்கிறது. வேலைக்குப் போகாத ஒவ்வொரு நாளும் கூலியை இழக்கும் ஒருவருக்கு இந்த அலைச்சலும் ஒரு செலவுதான்.

கல்வி உரிமைச் சட்டத்தின் 12(1)(சி) பிரிவு வேறொரு வழியை வகுக்கிறது. அரசு உதவி பெறாத தனியார் பள்ளிகள் தங்கள் நுழைவுநிலை வகுப்பில், அதாவது எல்.கே.ஜி.யிலோ ஒன்றாம் வகுப்பிலோ, குறைந்தது 25 விழுக்காட்டு இடங்களை நலிவடைந்த பிரிவினருக்கும் வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவினருக்கும் ஒதுக்க வேண்டும். அக்குழந்தைகளுக்கான தொகையை அரசு பின்னர் பள்ளிக்கு ஈடுசெய்யும். தமிழ்நாட்டில் ஆண்டு வருமானம் 2 லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட குடும்பங்கள் முதல் வகையினர். பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர், மிகவும் பிற்படுத்தப்பட்டோர், ஆதரவற்ற குழந்தைகள், மாற்றுத்திறன் குழந்தைகள் முதலியோர் இரண்டாம் வகையினர். வீட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் உள்ள பள்ளிக்கு முன்னுரிமை உண்டு; விண்ணப்பங்கள் இடங்களைவிட மிகுந்தால் குலுக்கல் நடத்தப்படும். உச்ச நீதிமன்றம் 2012 ஏப்ரல் 12 அன்று இப்பிரிவு செல்லும் என்று தீர்ப்பளித்தபோது உதவிபெறாத சிறுபான்மைப் பள்ளிகளுக்கு விலக்களித்தது. 2014இல் அவ்விலக்கு எல்லாச் சிறுபான்மைப் பள்ளிகளுக்கும் விரிந்தது. மதத்தாலும் மொழியாலும் சிறுபான்மைத் தகுதி பெற்ற பள்ளிகள் மிகுந்த சென்னையில் இது சிறிய விலக்கு அன்று. இடம் கிடைத்த குடும்பங்களிடமும் புத்தகம், சீருடை என்ற பெயரில் தொகை கேட்கப்படும் வழக்கம் நீடித்ததால்தான், அச்செலவுகளையும் அரசே ஏற்க வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2023 ஏப்ரலில் தீர்ப்புச் சொல்ல நேர்ந்தது.

2025ஆம் ஆண்டில் நடந்தது இவை அனைத்தையும்விடக் கடுமையானது. ஈட்டுத்தொகையில் ஒன்றிய அரசின் பங்கு, ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டமான சமக்ர சிக்ஷாவின் வழியாக வருவதாகும். தேசியக் கல்விக் கொள்கையை ஒட்டிய பி.எம். ஸ்ரீ பள்ளித் திட்டத்துக்கான ஒப்பந்தத்தில் தமிழ்நாடு கையெழுத்திடாததை முன்வைத்து 2024-25ஆம் ஆண்டுக்கான ஏறத்தாழ 2,152 கோடி ரூபாய் நிறுத்தி வைக்கப்பட்டதால், வழக்கமாகக் கோடையிலேயே தொடங்கும் 25 விழுக்காட்டுச் சேர்க்கை அவ்வாண்டு தொடங்கவில்லை. சென்னை உயர் நீதிமன்றம் ஜூன் 10 அன்று, கல்வி உரிமைச் சட்டத்துக்குரிய தொகையைத் தேசியக் கல்விக் கொள்கையோடு பிணைக்கத் தேவையில்லை என்றும், ஒன்றிய நிதி வரவில்லை என்பதைக் காட்டி மாநில அரசு தன் கடமையைத் தட்டிக்கழிக்க முடியாது என்றும் கூறியது. ஆயினும் சட்டத்துக்குரிய அத்தொகை விடுவிக்கப்பட்டுச் சேர்க்கை நடைமுறை தொடங்கியபோது அக்டோபர் பிறந்துவிட்டது. காலாண்டுத் தேர்வு முடிந்துவிட்ட நிலையில் புதிய குழந்தைகளைச் சேர்ப்பது கடினம் என்பதால், ஏற்கெனவே அப்பள்ளிகளின் நுழைவு வகுப்பில் பயின்றுவந்த குழந்தைகளிலிருந்து தகுதியுடையோரைத் தெரிந்தெடுத்து, அவர்களிடம் பெற்ற கட்டணத்தைத் திருப்பித் தர வழிசெய்யப்பட்டது.

நிர்வாக நோக்கில் அது அன்றைக்குக் கிடைத்த வழியாக இருந்திருக்கலாம். ஆனால் அதன் விளைவை மறைக்காமல் சொல்லியாக வேண்டும்: ஜூன் மாதத்தில் கடன் வாங்கியேனும் கட்டணம் கட்ட முடிந்த குடும்பத்தின் பிள்ளையே அக்டோபரில் அந்த வகுப்பறையில் இருந்தது; கட்டவே முடியாத குடும்பத்தின் பிள்ளை அங்கே இல்லாததால் தெரிவுக்கே வரவில்லை. சட்டம் யாரை முதலில் நினைத்து இயற்றப்பட்டதோ அவர்களே முதலில் விடுபட்டார்கள். திரும்பக் கிடைத்த கட்டணத்தோடு, நான்கு மாதம் கட்டிய வட்டி திரும்பக் கிடைப்பதுமில்லை. ஒன்றிய அரசும் மாநில அரசும் கொள்கை குறித்து முரண்படுவதற்கு நியாயங்கள் இருக்கலாம், எல்.கே.ஜி.யில் சேரக் காத்திருக்கும் குழந்தையின் பங்கை அந்த முரணுக்குள் நிறுத்திவைத்ததற்கு எந்த நியாயமும் இல்லை.

தாமதம் ஒருபுறமிருக்க, உதவி நின்றுபோகும் இடமும் பார்க்கத்தக்கது. 12(1)(சி) பிரிவின் பாதுகாப்பு எட்டாம் வகுப்போடு முடிகிறது. எல்.கே.ஜி.யிலிருந்து பத்தாண்டுகள் ஒரே பள்ளியில் கட்டணமின்றிப் பயின்ற பிள்ளை ஒன்பதாம் வகுப்பில் முழுக் கட்டணம் செலுத்த வேண்டும், இல்லாவிட்டால் தோழர்களையும் பழகிய பயிற்றுமொழியையும் விட்டு வேறு பள்ளிக்குப் போக வேண்டும். அரசுப் பள்ளிக்கு வந்தாலும் நான்கு இணை இலவசச் சீருடை என்பது மாநில விதிப்படி சத்துணவு உண்ணும் ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரையிலான மாணவர்களுக்கே உரியது. பத்து, பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புகளுக்கென அரசு ஒதுக்கும் 5,000 ரூபாய் ஊக்கத்தொகை, இடைநிற்றலைத் தடுப்பதற்காகவே வைப்புத் தொகையாக வைக்கப்பட்டுப் பள்ளிப் படிப்பு முடிந்த பின்னர்தான் கைக்கு வருகிறது. மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்கள் உயர்கல்விக்கு உரியவை. அவற்றைப் பெறுவதற்கு ஆறு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியிலோ, தமிழ்வழியில் அரசு உதவிபெறும் பள்ளியிலோ படித்திருக்க வேண்டும். தனியார் பள்ளியில் 25 விழுக்காட்டு இடத்தில் எட்டாம் வகுப்பு வரை பயின்றுவிட்டு ஒன்பதாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைக்கும் அவை உண்டு என்றாலும், கடன் வாங்கியேனும் கட்டணம் கட்டி அதே தனியார் பள்ளியில் தொடர்ந்த ஏழைப் பிள்ளைக்கு அந்த வாயிலும் மூடிவிடுகிறது.

ஒன்பதாம் வகுப்பில் பிள்ளைக்குப் பதினான்கு வயது. படகில் ஏறவும், கடையில் நிற்கவும், தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ளவும் வீடு அழைக்கத் தொடங்கும் வயதும் அதுவே. படிப்பைத் தொடர்வதால் இழக்கும் கூலியும் அன்று முதல் பள்ளிச் செலவில் சேர்ந்துகொள்கிறது. கல்வி உரிமைச் சட்டத்தை மழலையர் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை நீட்டிக்க வேண்டும் என்ற பரிந்துரை, கஸ்தூரிரங்கன் குழு 2019இல் அளித்த தேசியக் கல்விக் கொள்கை வரைவில் இடம்பெற்றிருந்தது. 2020இல் கொள்கை இறுதியானபோது சட்டத் திருத்தம் பற்றிய அந்த உறுதி அதே வடிவில் இடம்பெறவில்லை. சட்டத்தில் தொடக்கக் கல்வியின் எல்லை எட்டாம் வகுப்பாகவே நீடிக்கிறது.