பெர்மாவின் ஆறாம் எண்

ஒரு விதி நாலைந்து இடங்களில் ஒத்து வருமாயின், அஃது எவ்விடத்தும் ஒத்து வரும் என்று மாணாக்கர் பலர் துணிந்துவிடுகின்றனர். அத்துணிவு எத்துணை அபாயமானது என்பதை 4,29,49,67,297 என்னும் ஓர் எண்ணைக் கொண்டு ஈண்டு விளக்கப் புகுகின்றோம்.

பதினேழாம் நூற்றாண்டில் பிரெஞ்சு தேசத்துத் துலூஸ் நகர நியாயசபையில் உத்தியோகம் வகித்துக்கொண்டே கணித ஆராய்ச்சி செய்தவர் பெர்மா என்பார். இரண்டின் 1, 2, 4, 8, 16 ஆம் அடுக்குகள் ஒவ்வொன்றோடும் ஒன்று கூட்டினால் முறையே 3, 5, 17, 257, 65,537 என்பன வரும். இவை ஐந்தும் பகா எண்கள்; அதாவது, ஒன்றாலும் தம்மாலும் அன்றிப் பிறிதோர் எண்ணால் மிச்சமின்றி வகுபடாதவை. அடுக்கை இவ்வாறே இரட்டித்துச் செல்லின் மேல் வருவன யாவும் பகா எண்களே என்று 1640 ஆம் ஆண்டில் பெர்மா கருதினார். நிரூபணம் தமக்குக் கிட்டவில்லை என்பதையும் அவர் மறைத்தாரல்லர்.

ஆறாவதாக வருவது, இரண்டின் 32 ஆம் அடுக்கோடு ஒன்று கூடிய நம் எண். இதனை நேர்முகமாகச் சோதிப்பதெனின், 65,536-க்கு உட்பட்ட 6,542 பகா எண்களாலும் வகுத்துப் பார்த்தல் வேண்டும். ஆனால் 1732 ஆம் ஆண்டில் ஆய்லர் என்னும் பேரறிஞர், இவ்வெண் 641-ஆல் வகுபடும் என்று காட்டினார், ஈவு 67,00,417. இவ்வெண்ணின் பகாக் காரணி எதுவும் 64-ஆல் வகுக்க ஒன்று மிஞ்சுவதாகவே இருத்தல் வேண்டும் என்பதை அவரே பின்னர் நிரூபித்தார். அத்தகைய பகா எண்கள் 193, 257, 449, 577, 641 என்பன. எனவே ஐந்தாம் வகுத்தலிலேயே உண்மை வெளிப்படுகின்றது.

வகுத்துப் பாராமலும் இதனை உணரலாம். 641 என்பது 640-உடன் ஒன்று கூடியது. ஆதலால் 640-இன் நான்காம் அடுக்கில் ஒன்று குறைத்தால் வருவது 641-ஆல் வகுபடும். 640 என்பது ஐந்தை இரண்டின் 7 ஆம் அடுக்கால் பெருக்கியது. ஆகவே அதன் நான்காம் அடுக்கு, 625-ஐ இரண்டின் 28 ஆம் அடுக்கால் பெருக்கியதாகும். மேலும் 641 என்பது 625-உம் 16-உம் கூடிய தொகை. எனவே 625, 16 ஆகிய இரண்டையும் இரண்டின் 28 ஆம் அடுக்கால் தனித்தனியே பெருக்கிக் கூட்டினால், அத்தொகையும் 641-ஆல் வகுபடும். இத்தொகையினின்று முன்னதைக் கழித்தால் எஞ்சுவது, இரண்டின் 32 ஆம் அடுக்கும் ஒன்றும். அதுவே நம் எண். வகுபடும் இரண்டன் வித்தியாசமும் வகுபடுமன்றோ!

பெர்மாவின் எண்கள் இதனால் மதிப்பிழந்தில. 17 பக்கங்கொண்ட ஒழுங்கான உருவத்தை அளவுகோலும் கவராயமும் மட்டும் கொண்டு வரையலாகும் என்று 1796 ஆம் ஆண்டில் காஸ் கண்டது இவ்வெண்களின் வழியேதான். ஆறாம் எண் முதலாகத் தொடர்ந்து 28 எண்கள் பகுபடுவன என்று இதுகாறும் தெளியப்பட்டுள்ளன. அவற்றுள் இரண்டிற்குக் காரணி ஒன்றேனும் அகப்பட்டிலது. முதல் ஐந்தின் பின் பகா எண் வேறு உண்டோ, இல்லையோ, எவரும் அறியார். ஆயினும் எதிர்மறையாகவும் நாம் துணிந்துரைத்தல் தகாது. ஐந்து சான்றுகள் நிரூபணம் ஆகாதவாறே, இருபத்தெட்டும் ஆகமாட்டா.